முப்பது பேருக்கு லெமன் ரைஸ்

தாளைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். மேஜை மேல், காபிக் குடுவைக்குப் பக்கத்தில், கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். முதல் கட்டத்தில் தேதி, அடுத்ததில் பெயர், மூன்றாவது நீளமான கட்டம். பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில் தமிழ்க் கூட்டங்களுக்குப் போய்ப் போய், அந்த மாதிரித் தாளின் தலைப்பைப் படிக்கும் வழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று. பொங்கலா, தீபாவளியா, யாருக்காவது வளைகாப்பா, தாள் வரும். யார் என்ன சமைத்துக் கொண்டுவருகிறோம் என்று எழுத வேண்டும். தாமதித்தால் பேப்பர் பிளேட்டும் தண்ணீர் பாட்டிலும் நம் தலையில் விழும். அப்புறம் சமைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்க வேண்டியதுதான். அதனால் காலியாக இருந்த ஒரு தேதிக்கு நேரே என் பெயரை எழுதி, நீளமான கட்டத்தில் 'லெமன் ரைஸ், முப்பது பேருக்கு' என்றும் எழுதி, அடியில் ஒரு கோடு வேறு இழுத்தேன்.

அது சாப்பாட்டுத் தாள் இல்லை.

இடம், பிளசன்டனில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம் தள்ளி இருக்கும் ஒரு யூதக் கோயில். அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் ஆபீஸ் தோழி ஒருத்தி, யூதப் பெண்மணி, மலை ஏறப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு கார் ஓட்ட முடியாது. சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகாமல் அவளால் இருக்க முடியாது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போவதற்குள் கூட்டமே முடிந்துவிடும். சரி, காபி இருக்கிறது, பேகல் என்கிற வளைய ரொட்டி இருக்கிறது, ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தேன்.

வாரத்துக்கு ஒரு பகுதியாகத் தங்கள் வேதத்தை வாசிக்கிறார்கள். ரபாய், அதாவது அவர்களுடைய குரு, என் வயதுள்ள ஒரு பெண். ஓட்டப் பந்தயக் காலணி போட்டுக்கொண்டு வருவார். அவர் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்வார். அதற்கப்புறம்தான் வேடிக்கை. நான் ஊரில் கேட்ட பிரசங்கங்களில் கேட்பவர்களுக்கு இரண்டே வேலை, தலையாட்டுவது அல்லது தூங்குவது. இங்கே முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் கையைத் தூக்கி, "இந்த இடத்தில் கடவுள் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை" என்றார். ஒருவரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ரபாய்க்கு ஒரே சந்தோஷம், மேலே சொல்லுங்கள் என்றார். அப்புறம் ஆளுக்கு ஆள் சண்டை. இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷமும் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே என்று எனக்கு இருந்தது. அடுத்த வாரம் நேரத்துக்கு முன்னாலேயே போய் ஹார்ன் அடித்தேன்.

அவர்களுடைய தீர்க்கதரிசிகளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருத்தருக்குப் பேசவே வாய் வராது. ஒருத்தர் வேலை வேண்டாம் என்று கப்பலேறி ஓடுகிறார். ஒருத்தர் சபிக்கக் கூலி பேசிக்கொண்டு போய், வாயைத் திறந்தால் ஆசீர்வாதமாக வருகிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை. படை கிடையாது, பணம் கிடையாது. அவர்களிடம் இருப்பது பேச்சு ஒன்றுதான். கடவுள் உலகத்தைப் படைத்ததே பேசித்தான் என்றார் ரபாய். அதனால் ஒரு சொல்லை வெளியே விடுவது சின்ன விஷயம் இல்லை, அது போய் எதையாவது உண்டாக்கும் அல்லது உடைக்கும் என்றார். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் நான் ஒன்றை உடைத்துவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். ஹால் ஆறு மணி வரைக்கும்தான். ஆறு அடித்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். சின்னக் குழந்தைகளின் கும்மி என் சிநேகிதியின் பொறுப்பு. சிநேகிதி என்றால் சும்மா இல்லை, இரண்டு தெரு தள்ளி வீடு, பதினோரு வருஷப் பழக்கம். எங்கள் பிள்ளைகள் ஒரே டேகேரில் அழுதவர்கள். அவள் வீட்டுச் சாவி என் கொத்தில், என் வீட்டுச் சாவி அவள் கொத்தில். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் வாக்கிங். அன்றைக்குக் கும்மியில் ஒரு குழந்தையின் தலையிலிருந்து பூ விழுந்து, அது அழுது, பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து போடச் சொன்னாள். மறுபடியும் ஒரு குழந்தை எதிர்ப்பக்கம் சுற்றியது. மறுபடியும் முதலிலிருந்து. மணி ஐந்து நாற்பது.

"இவளுக்கு எப்பவும் இதே பொழப்பு. ஒரு காரியத்தை உருப்படியா முடிக்கத் தெரியாது. இவளை நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மேடை ஓரத்தில் நின்று நான் முணுமுணுத்ததாகத்தான் நினைத்தேன். கையில் இருந்த மைக் ஆனில் இருந்தது. இருநூறு பேர் கேட்டார்கள். குழந்தைகள் அப்படியே நின்றுவிட்டன. அவள் குழந்தைகளை அணைத்துக் கூட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். விழா ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முடிந்தது. போகிற போக்கில் நாலு பேர் என் கையைக் குலுக்கி, "கரெக்ட் டைம்ல முடிச்சிட்டீங்க" என்று பாராட்டினார்கள்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. நான் சும்மா இருந்தேனா? வாட்ஸப்பில் நீளமாக ஒன்று அனுப்பினேன், ஹால் விதிமுறைகளை விளக்கி. பதில் இல்லை. அதைவிட நீளமாக இன்னொன்று அனுப்பினேன், நீயும் ஒழுங்காக ரிகர்சல் பார்த்திருக்கலாம் என்று. இரண்டிலும் நீல டிக் மட்டும் விழுந்தது. என் வீட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. அதில் மைசூர்பாக் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவள் கணவர் அதைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தார், கழுவித் துடைத்து, காலியாக. எங்கள் பக்கம் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். போதாததற்கு அவர்கள் ஜூலையில் டெக்சாஸுக்குக் குடிபோகிறார்கள், அங்கே கேட்டி என்கிற ஊரில் வீடு வாங்கியாயிற்று. பேசாமலேயே போய்விட்டாள் என்றால் என்ன செய்வது?

இந்த லட்சணத்தில்தான் ரபாயிடமிருந்து இமெயில் வந்தது. கோடையில் அவர் லீவில் போவார். அந்த வாரங்களில் சபையிலிருந்தே ஆளுக்கு ஒருவராகப் பிரசங்கம் செய்வார்கள். அதற்கான தாளில் நான் பெயர் கொடுத்ததில் அவருக்கு ரொம்ப மகிழ்ச்சியாம். எத்தனையோ தலைப்புகளைப் பார்த்திருக்கிறாராம். 'லெமன் ரைஸ், முப்பது பேருக்கு' என்ற தலைப்பு மட்டும் இதுவரை வந்ததில்லையாம், ஊரில் இல்லாமல் போகிறோமே என்று வருத்தமாக இருக்கிறதாம். அறிவிப்புப் பலகையில் போட்டாயிற்று என்று கடைசி வரி.

மறுநாள் ஆபீஸில் தோழியிடம் காட்டினேன். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் இந்து, உங்கள் வேதத்தில் எனக்கு என்ன தெரியும் என்றேன். "அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசாதே, அது போதும்" என்றாள். வீட்டில் கணவர், "மூணு ஸ்லைடு போட்டுட்டு வந்துடு, அவ்ளோதானே" என்றார். மகன் தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, ப்ளீஸ் டோன்ட் யெல் அட் தெம்" என்றான். அவன்மேல் எரிந்து விழ வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

எனக்கு விழுந்த பகுதி இது. எகிப்திலிருந்து அடிமை ஜனங்களை மீட்டுக் கூட்டிவந்த பெரிய தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் வருஷக்கணக்காக அவர்களை மேய்த்து, வாக்களித்த தேசத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜனங்கள் வழக்கம் போல, எங்களை எகிப்திலிருந்து ஏன் கூட்டிவந்தாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். கடவுள் அவரிடம், அதோ அந்தப் பாறையோடு பேசு, தண்ணீர் வரும் என்கிறார். இவர் ஜனங்களைத் திட்டிவிட்டு, பாறையைக் கோலால் இரண்டு தரம் அடிக்கிறார். தண்ணீர் கொட்டுகிறது, எல்லோரும் குடிக்கிறார்கள். உடனே கடவுள், நீ அந்தத் தேசத்துக்குள் போகமாட்டாய் என்று சொல்லிவிடுகிறார்.

படித்ததும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். நாற்பது வருஷம் வாலண்டியர் வேலை பார்த்த மனுஷன். ஒரு நாள் பொறுமை போய்விட்டது, அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? தண்ணீர் வந்ததா இல்லையா? ஒருங்கிணைப்பாளர் வேலை பார்த்தவர்களுக்குத்தானே அந்தக் கஷ்டம் தெரியும். நாலு பக்கம் எழுதினேன், வக்கீல் மாதிரி, அவர் பக்கம் நின்று. யாருக்காக வாதாடுகிறேன் என்று எனக்கே லேசாகத் தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், சமையலறையில் நின்று அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ஆரம்பம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் மூலத்தைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை என்ற வரிக்கு முந்தைய வரியில் அவருடைய அக்கா செத்துப்போகிறாள். அங்கேயே புதைத்தார்கள் என்று இருக்கிறது. அவ்வளவுதான், அடுத்த வரியில் தண்ணீர்ச் சண்டை. இவர் கைக்குழந்தையாக ஆற்றில் கூடையில் மிதந்தபோது கரையில் நின்று காவல் காத்த அக்கா அவள். அந்த வரியை நான் இருபது தரமாவது படித்திருப்பேன். கடிதத்தில் இருக்கும் விலாசம் மாதிரி தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் நான் இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த பெண் ஒருத்தி வந்து, "உங்க ஃப்ரெண்டு கேட்டிக்குப் போறாங்களாமே, வீடே வாங்கிட்டாங்களாம்" என்றாள். "ஆமா, தெரியுமே" என்றேன். எனக்குத் தெரியாது. அதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வெண்டைக்காயை வதக்கினேன், சாப்பிட்டோம், தூங்கினேன். மறுநாள் கையில் மைக் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, வாக்கிங் போகிற நேரம் பார்த்து, அவள் வீட்டு மணியை அடித்தேன். சாவி என்னிடம் இருந்தது, மணியைத்தான் அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வாங்க," என்றாள்.

பதினோரு வருஷமாக 'வாடி' என்றவள். அதற்குப் பதில் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். ஹால் முழுக்க அட்டைப் பெட்டிகள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய், என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"முப்பது பேருக்கு லெமன் ரைஸ்னா எத்தனை கப் அரிசி போடணும்?"

"யாருக்கு?"

தாள் கதை முழுவதையும் சொன்னேன். அறிவிப்புப் பலகை வரைக்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ஆறு கப் போதும், பேகலும் இருக்குமில்ல. எலுமிச்சம்பழம் எட்டு. சாதம் நல்லா ஆறினப்புறம் சாறு விடுங்க, சூட்டுல விட்டா கசந்துடும்."

"அன்னைக்கு நான் டான்ஸுக்காகக் கத்தலை."

"தெரியும். ஹால் டைம். மெசேஜ்ல படிச்சேன்."

"ஹாலும் இல்லை. நீ போறேன்னு முந்தின நாள் கடையில யாரோ சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு பொய் சொன்னேன். என்னால தாங்க முடியலை."

அவள் கையில் இருந்த டேப்பைப் பிரித்து, ஒட்டாமல், மறுபடி சுற்றினாள்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் மூணு நாள் வாக்கிங்ல ஆரம்பிச்சேன். நீ வாயை மூடினாத்தானே."

அது உண்மைதான். மூன்று நாளும் நான் ஆண்டு விழாவைப் பற்றியே பேசியிருப்பேன்.

"என்ன காரணமா இருந்தாலும், இருநூறு பேர் முன்னாடி சொன்னது தப்பு. அதுக்கு சமாதானம் எதுவும் எங்கிட்ட இல்லை," என்றேன்.

"குழந்தைங்க அழுதாங்கடி."

'டி' வந்ததும் நான் அழ ஆரம்பித்தேன், அவளும் அழுதாள். அவள் கணவர் தட்டுகளைச் சுற்றுவதற்கு பபிள் ரேப்போடு உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் தன்னுடைய பெரிய வாணலியோடு என் வீட்டு வாசலில் நின்றாள். என்னை நம்பி முப்பது பேர் வயிற்றை ஒப்படைக்க முடியாதாம். நான் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், அவள் தாளித்தாள். அப்புறம், நானும் வருகிறேன், நீ என்ன உளறுகிறாய் என்று பார்க்க வேண்டும் என்று காரில் ஏறிக்கொண்டாள். கோயிலில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நாலு பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மைக் கதையைச் சொன்னேன். கத்தினால் பலன் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு நன்றாகவே பலன் கிடைத்தது, விழா நேரத்துக்கு முடிந்தது, கையைக் குலுக்கினார்கள் என்றேன். பாறையிலிருந்தும்தான் தண்ணீர் வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் பேசியிருந்தால், பேச்சுக்குப் பாறையும் இளகும் என்று அத்தனை ஜனமும் கண்ணால் பார்த்திருக்கும். அடித்தால்தான் வரும் என்றல்லவா கற்றுக்கொண்டு போனார்கள்? அக்காவைப் பற்றிய அந்த ஒரு வரியையும் சொன்னேன். அவர் அடித்தது கோபத்தில் இல்லை, அழ நேரம் கிடைக்காததால் என்று சொல்லி முடித்தேன்.

பல் டாக்டர் கையைத் தூக்கினார். "துக்கம் எல்லோருக்கும் உண்டு. தலைவனுக்கு அது சாக்காகாது. நான் ஒப்புக்கொள்ளவில்லை."

எனக்கு மூக்கு நுனி சூடேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு கை உயர்ந்தது. ஆண்டு விழாவில் இரண்டு வரி வரவேற்புரைகூடப் பேச மாட்டேன் என்று ஓடி ஒளிகிறவள், எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசினாள். அவள் சொன்னது இது.

"அவர் கத்தினது தப்புதான். ஆனா எனக்கு ஒரு கேள்வி. எங்க ஊர்ல சாவு விழுந்த வீட்ல அடுப்பு பத்தவைக்க விடமாட்டோம். பக்கத்து வீட்லேருந்து சமைச்சு எடுத்துட்டுப் போவோம். அத்தனை ஜனத்துல ஒருத்தர்கூட அவர் கூடாரத்துக்குப் போய் உட்காரலையா? அவர்கிட்டயே போய்த் தண்ணி கேட்டிருக்காங்க. அவருக்கு ஒரு சிநேகிதி இருந்திருந்தா, இது சும்மா கோபம் இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். போய்க் கேட்டிருக்கணும்."

கடைசி வரியை அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். அறையில் வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. பல் டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்புறம், தங்களுக்கும் அதே வழக்கம்தான் என்றார். சாவு வீட்டுக்குச் சாப்பாட்டோடு போய் உட்காருவார்களாம், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும் வரை வந்தவர்கள் பேசமாட்டார்களாம். சின்ன வயதிலிருந்து இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன், அவருக்கு யார் சாப்பாடு கொண்டுபோனார்கள் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்றார்.

பேசி முடித்தவரின் கையைப் பிடித்து, உன் பலம் பெருகட்டும் என்கிற மாதிரி எபிரேயத்தில் ஒரு வாழ்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். என்னிடம் சொன்ன அத்தனை பேரும் வரிசையாகப் போய் அவளிடமும் சொன்னார்கள். அவள் வெட்கத்தில் சிவந்துபோய், "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். லெமன் ரைஸ் பத்து நிமிஷத்தில் காலி. பேகல் அப்படியே இருந்தது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கும்மிக் குழந்தைகள் வீட்டுக்கெல்லாம் போய் ஸாரி சொல்லி, எட்டுப் பேரையும் எங்கள் தெரு முனைக்கு வரவழைத்தேன். போனில் பாட்டைப் போட்டோம். அந்தக் குழந்தைக்கு மறுபடியும் பூ விழுந்தது. முதலிலிருந்து ஆடினார்கள். இன்னொன்று எதிர்ப்பக்கம் சுற்றியது. அதற்கும் முதலிலிருந்து. ஐந்து தரம் ஆடியிருப்பார்கள். என் கையில் மைக்கும் இல்லை, கடிகாரமும் இல்லை. கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கிளம்பும் அன்று காரில் ஏறும்போது அவள், நான் இன்னொரு தரம் மைசூர்பாக் போட்டுக் கொடுத்திருந்த அந்த எவர்சில்வர் டப்பாவை என் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு ஸ்பூன் சர்க்கரை இருந்தது.

அந்தத் தீர்க்கதரிசி கடைசிவரை தேசத்துக்குள் போகவில்லை. ஒரு மலைமேல் ஏறி நின்று தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நானும் கேட்டி வீட்டை வீடியோ காலில்தான் பார்த்தேன். மாடிப்படி மேலிருந்து ஆரம்பித்து, போனைப் பிடித்தபடி நடந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினாள்: இது கிச்சன், இது பேக்யார்டு, இது உனக்கு ரூம். அந்த விஷயத்தில் நான் அவரைவிட அதிர்ஷ்டக்காரி, ஸ்ப்ரிங் பிரேக்குக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஏர்போர்ட்டுக்கு நேரத்துக்கு வந்து நில், எப்போதும் போல லேட் பண்ணாதே என்று ஆரம்பித்தேன்.

"மைக் ஆன்ல இருக்குடி," என்றாள்.